அறுபதாயிரம் அடி உயரத்துக் கரி

குழந்தையின் கன்னத்தில் இருந்த கறுப்புப் பொட்டைக் கண்டதும் அசோகன் குனிந்து உற்றுப் பார்த்தான்.

ஒரு பொட்டு என்றாலும் போகட்டும். இடது கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, போதாக்குறைக்கு வலது உள்ளங்காலில் ஒன்று. ஏழு மாதப் பெண் குழந்தை, குளித்த சூடு ஆறாமல், சாம்பிராணி வாசனையோடு பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் மையே கிடையாது. திருஷ்டிப் பொட்டு, எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எதுவும் வாசற்படி ஏறக்கூடாது என்பது அசோகனுடைய அப்பா போட்ட சட்டம். அப்பா போய் நாலு வருஷம் ஆயிற்று. சட்டம் மட்டும் அப்படியே அமலில் இருந்தது.

"குப்பம்மாக்கா, இந்த மை எங்கேர்ந்து வந்துச்சு?"

குப்பம்மா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் பிறந்த குழந்தைகளில் பாதி, அவள் கால்மேல் படுத்துக் குளித்து வளர்ந்தவைதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அசோகன் வீட்டு முறை.

"இன்னா நைனா, தெரியாத மாரி கேக்குற? மை இல்ல, மை இல்லன்னு ஏழு மாசமா என்னாண்ட டபாய்ச்சிகினு, பொட்டி உள்ள பத்திரமா வெச்சிகினு கீறியே!"

"எந்தப் பொட்டி?"

"அதோ, கட்லு மேல தொறந்து கீதே, அலுமினியப் பொட்டி."

அசோகன் அப்படியே பாயில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லிவிட்டால் அவன் ஏன் உட்கார்ந்தான் என்பது புரியும். திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நிற்கும் சாலையோரம் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம். தொழிற்சாலைப் புகைபோக்கிகளில் வட்டமான ஃபில்டர் பேப்பரை வைத்துப் புகையைப் பிடிப்பார்கள். போகும் முன் ஒரு எடை, வந்த பின் ஒரு எடை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரி. எட்டு வருஷமாக அங்கே எடை போடுகிறவன் அசோகன். எட்டு வருஷமும் தற்காலிகம்.

போன வாரம் மேலாளர் சங்கரநாராயணன் அவனை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"அசோக், இந்தத் தடவை எண்ணூர்ப் புகை கிடையாது. பெங்களூருக்கு அந்தப் பக்கம் ஒரு விமானத் தளத்துலேர்ந்து வருது. அறுபதாயிரம் அடி உயரத்துல ஒரு ப்ளேன் போகும். இன்னொண்ணு அதோட வாலைப் பிடிச்சுக்கிட்டே போய், அது விடுற புகையை நம்ம ஃபில்டர்ல பிடிச்சுட்டு வரும்."

"எதுக்கு சார்?"

"அந்த உயரத்துல எவ்வளவு துகள் விடுதுன்னு உலகத்துக்கே சரியாத் தெரியாதாம். நாமதான் நிறுத்துச் சொல்லப் போறோம். நீ சென்ட்ரல்ல போய்ப் பெட்டியை வாங்கிட்டு வர்ற. இது ஒழுங்கா முடிஞ்சா ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ பர்மனென்ட். லெட்டர் அடிச்சு வெச்சாச்சு, என் கையெழுத்துதான் பாக்கி."

சனிக்கிழமை ரயில் மூன்று மணி நேரம் தாமதம். பரிசோதனைக்கூடம் பூட்டியாகிவிட்டது. அசோகன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் யார் மூச்சும் படாதபடி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். அதோடு விட்டிருக்கலாம். பொண்டாட்டி யசோதராவிடம் கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது.

பெட்டிக்குள் ஐந்து பிளாஸ்டிக் வளையங்கள், ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டவை. ஒவ்வொன்றிலும் ஒரு ஃபில்டர் பேப்பர். நாலு, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. ஐந்தாவதில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு நல்ல கறுப்பு.

"வெள்ளையா கீறது நாலும் ஸ்பேரு," என்று யசோதராவுக்கு விளக்கினான். "கறுப்பா கீறதுதான் மேல போய்ட்டு வந்தது."

"எப்படித் தெரியும்? எழுதி கீதா?"

"எட்டு வருஷமா இத்தத்தானே பாக்கறேன்? போய்ட்டு வந்த ஃபில்டரு என்னிக்காவது வெள்ளையா வந்து கீதா? மணலியிலேர்ந்து வர்றதும் கறுப்பு, எண்ணூர்லேர்ந்து வர்றதும் கறுப்பு."

"அப்ப ஏன் நடுவுல மட்டும் கீது?"

"மேல காத்து கம்மி. அதான் கரியும் கம்மி."

யசோதரா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு பார்த்து வெட்டுகிறவள். எதையும் சட்டென்று நம்பமாட்டாள். இருந்தாலும் புருஷன் படித்த விஷயமாயிற்றே என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பெட்டியைத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பம்மா திறந்து, ஐந்தாவது பேப்பரில் விரலைத் தேய்த்து எடுத்திருந்தாள்.

அசோகன் பெட்டியை எட்டிப் பார்த்தான். ரூபாய்க் காசு இருந்த இடத்தில் அவளுடைய கட்டைவிரல் ரேகைதான் இருந்தது.

பதறிப்போய்ப் பெட்டியிலிருந்த இடுக்கியையும் ஐந்தாவது பேப்பரையும் எடுத்துக்கொண்டு குழந்தையிடம் பாய்ந்தான். போன கரியைக் கன்னத்திலிருந்தே ஒற்றி எடுத்துவிடலாம் என்று நினைப்பு. குழந்தை முதலில் அப்பா விளையாடுகிறார் என்று சிரித்தது. நெற்றிக்கு வந்தபோது முகம் சுளித்தது. உள்ளங்காலுக்கு வந்தபோது மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி வீறிட்டது.

"அட இன்னா நைனா இது, பச்சப் புள்ளைய போட்டு சொரண்டிகினு! கரிச் சட்டியா அது?"

"அக்கா, இது மை இல்ல! ஏரோப்ளேன் வுட்ட பொகை. அறுபதாயிரம் அடி மேலேர்ந்து புடிச்சாந்தது."

குப்பம்மா தன் விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"யாராண்ட கத வுடுற? நாப்பது வருஷமா கொயந்தைங்களுக்கு மை வெச்ச கை இது. வெளக்கெண்ணெ வாசன தூக்கிகினு கீது. ஏரோப்ளேன வெளக்கெண்ணெ ஊத்தியா ஓட்றாங்கோ?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ கெளம்பு."

"ஆமா, எனக்கு இன்னா தெரியும். நானு கைநாட்டு. நீ ஆபீசரு."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள். அசோகன் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு இழுவல், அதன்மேல் பேபி பவுடர், தேங்காய் எண்ணெய், குழந்தையின் கண்ணிமை மயிர் ஒன்று. அவனுடைய அனுபவத்தில் எந்தப் புகைபோக்கியும் பவுடர் வாசனை அடித்ததில்லை.

"பர்மனென்ட் லெட்டரு காத்துல பூட்ச்சு," என்றான். எட்டு வருஷம் சும்மாவா? பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது ஈ.எஸ்.ஐ. அட்டை இல்லாமல் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு பேரும் மாறி மாறி நின்றது அவனுக்கு ஞாபகம் வந்தது.

யசோதரா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"சாரு கைல உண்மைய சொல்லிடு. கொயந்த வூடு, தப்பு நடந்துச்சுன்னு."

"பொட்டியத் தொறந்தியா, அத்த மொதல்ல சொல்லுன்னுவாரு."

அப்போதுதான் அசோகனுக்குக் குப்பம்மா கேட்ட கேள்வி திரும்ப ஞாபகம் வந்தது. விமானத்தை எதை ஊற்றி ஓட்டுகிறார்கள்?

"யசோ! நம்ம வூட்ல கிருஷ்ணாயில் எவ்ளோ கீது?"

"ரெண்டு லிட்டரு. ஏன், நீ எங்கனா பறந்து போப்போறியா?"

"ஏரோப்ளேன் ஓடறதும் கிருஷ்ணாயில் ஜாதிதான். சங்கரநாராயணன் சாரே சொல்லிகீறாரு. அதே கரி, அதே ஃபில்டரு. நாலு ஸ்பேரு சும்மாத்தானே கீது? ஒண்ணு எடுத்து, அதே மாரி ஒரு வட்டம் புடிச்சிட்டா முடிஞ்சிது."

"அது மேலேர்ந்து வந்த கரி. இது ரேஷன் கடைக் கரி."

"கரிக்கு உசரம் தெரியுமா இன்னா?"

சிம்னி விளக்கை ஏற்றினார்கள். அசோகன் ஒன்றாம் எண் வளையத்திலிருந்து வெள்ளைப் பேப்பரை இடுக்கியால் எடுத்து, தீயின் மேல் காட்டினான். எண்ணி ஐந்து விநாடிதான். பேப்பர் முழுக்கக் கும்மிருட்டு.

"இது ஏரோப்ளேன் இல்ல, எண்ணூரு பவர் ஹவுஸு," என்றாள் யசோதரா.

வட்டமாகப் பிடிக்க வேண்டுமானால் ஓட்டை போட்ட தகடு ஏதாவது குறுக்கே வேண்டும். சமையலறையைக் குடைந்ததில் முறுக்கு அச்சின் வில்லை ஒன்று கிடைத்தது. அதை விளக்குக்கும் இரண்டாம் பேப்பருக்கும் நடுவில் பிடித்தான். கரி அழகாக விழுந்தது. எடுத்துப் பார்த்தால் நட்டநடுவில் அட்டகாசமான ஒரு நட்சத்திரம்.

"அவ்ளோ உசரம் போனா நட்சத்திரம்தான் ஒட்டும். அப்டியே குடுத்துடு," என்றாள் அவள்.

"நான் இங்க செத்துகினு கீறேன். உனக்கு நக்கலு."

மூன்றாவது பேப்பரை எடுத்தபோது கையெல்லாம் கரி. கழுவிக்கொண்டு வரலாம் என்று பேப்பரை ஜன்னல் கட்டையில், ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போனான். துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. துண்டால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால் பேப்பர் தானாகவே சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது. நடுவே பொடிப்பொடியாக நிலக்கரி வேறு. விளக்கு, கிருஷ்ணாயில் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அசோகன் ஜன்னலை அடித்துச் சாத்தினான்.

"தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் இன்னா முழம் இன்னா," என்று நாலாவது பேப்பரையும் எடுத்தான். இதுதான் கடைசி. இந்த முறை யசோதரா சும்மா இருக்கவில்லை. பால் பவுடர் டப்பாவின் அட்டையில் ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கோடு போட்டு, பிசிறு கத்தரியால் வட்டமாக வெட்டிக் கொடுத்தாள். திரியையும் அவளே இறக்கினாள். அசோகன் மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தான்.

வட்டம். சரியான ரூபாய்க் காசு அளவு. நல்ல கறுப்பு.

"அச்சு அசல்," என்றான் அசோகன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாதி சந்தோஷத்தில், பாதி புகையில்.

"எல்லாம் சரி. ஸ்பேரு நாலையும் காலி பண்ணிட்டியே, அதுக்கு இன்னா பண்ணப் போற?"

அதற்கும் அவன் வழி வைத்திருந்தான். விமானத் தளத்துக்கு ஃபில்டர் பேப்பர் அனுப்பியதே இவர்கள் பரிசோதனைக்கூடம்தான். அதே கம்பெனிப் பேப்பர் அலமாரியில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. சாவி இவன் இடுப்பில்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே போய்க் கதவைத் திறந்தான். கையுறை மாட்டிக்கொண்டான். புதுக் கட்டிலிருந்து நாலு வெள்ளைப் பேப்பரை உருவி, ஒன்று முதல் நாலு வரை வளையங்களில் பொருத்தினான். ரேஷன் கரிப் பேப்பரை ஐந்தாவதில் வைத்தான். குழந்தையின் கன்னத்தை ஒற்றிய பேப்பர், நட்சத்திரம், மற்ற இரண்டு, எல்லாவற்றையும் கிழித்து டீக்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஒரு டீயும் குடித்தான். மனசு லேசாக இருந்தது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஸ்பேருக்கு ஸ்பேர் ஆயிற்று, கரிக்குக் கரி ஆயிற்று.

பத்து மணிக்கு விமானத் தளத்திலிருந்து கார் வந்தது. இறங்கியவர் விஞ்ஞானி நீலா மேடம். மெல்லிய உருவம், தடித்த கண்ணாடி. பின்னால் இரண்டு பைகளைச் சுமந்துகொண்டு அவர்களுடைய உதவியாள் சுப்புராஜ். விமானத்தில் ஃபில்டர் மாட்டுவதும் கழற்றுவதும் பெட்டி கட்டுவதும் அவன் வேலை.

சங்கரநாராயணன் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மே மாதத்தில், திருவொற்றியூரில், கோட்டு.

"இவர்தான் அசோகன், மேடம். சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து பெட்டியைக் கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிட்டவர்."

"யாரும் திறக்கலையே?" என்று கேட்டார் நீலா மேடம்.

"சேச்சே," என்றான் அசோகன்.

மேடம் கையுறை மாட்டிக்கொள்வதற்குள் சுப்புராஜே பெட்டியைத் திறந்து, ஐந்தாவதை மட்டும் எடுத்து மேஜை ஓரத்தில் கவிழ்த்து வைத்தான். மேடம் பூதக்கண்ணாடியை எடுத்து, ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தார். வெள்ளைப் பேப்பரைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்தது இரண்டு. அடுத்தது மூன்று. ஸ்பேரையே இப்படிப் பார்க்கிறாரே, கறுப்பை என்ன பாடு படுத்தப்போகிறாரோ என்று அசோகன் கதவோரம் நகர்ந்துகொண்டான். நாலாவதையும் பார்த்து முடித்துவிட்டு மேடம் கண்ணாடியைக் கழற்றினார். முகம் மலர்ந்திருந்தது.

"பிரமாதம் சார்! ரயில்ல வந்து, பஸ்ல வந்து, ரெண்டு நாள் இந்தத் துறைமுகத்துத் தூசியில இருந்திருக்கு. ஒரு கைரேகை இல்ல, ஒரு பிசிறு இல்ல. எங்க ஆளுங்களாலயே இப்படிப் பாத்துக்க முடியாது."

"எல்லாம் அசோகனோட கை, மேடம்," என்றார் சங்கரநாராயணன். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"இப்படி ஒருத்தரை விட்டுடாதீங்க."

"விடுறதாவது!"

அந்த இடத்திலேயே சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, அசோகன் கையில் கொடுத்தார். அசோகன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். எட்டு வருஷம்! உடனே பூத்துக்கு ஓடிப்போய் யசோதராவின் கம்பெனிக்குப் போன் போட வேண்டும் என்று இருந்தது. குப்பம்மாக்காவுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது. பாவம், ஏரோப்ளேன் புகைக்கும் மைக்கும் வித்தியாசம் தெரியாத ஜனம்.

"எடை போட்டுடலாமா?" என்றார் மேடம். நாலு வெள்ளைப் பேப்பர்களையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி தராசு அறைக்குள் நடந்தார். சங்கரநாராயணன் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். கதவு சாத்திக்கொண்டது.

ஐந்தாவது மேஜைமேலேயே கிடந்தது.

பாராட்டுகிற அவசரத்தில் மேடம் முக்கியமானதையே மறந்துவிட்டுப் போகிறாரே! அசோகன் கடிதத்தைப் பைக்குள் செருகிக்கொண்டு, கறுப்புப் பேப்பரை வளையத்தோடு கவனமாக எடுத்து, தராசு அறையை நோக்கி ஓடினான்.

"மேடம், இத்த வுட்டுட்டீங்களே..."

சுப்புராஜ் குறுக்கே விழுந்து அவன் கையைப் பிடித்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காதோடு காதாகச் சொன்னான்:

"அண்ணே, சத்தம் போடாதீங்க, மேடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும், ஏரோப்ளேனுக்குக் கண்ணு படக்கூடாதேன்னு என் பொண்ணோட மைச் சிமிழ்லேர்ந்து நான்தான் இதுல ஒரு பொட்டு வெச்சேன், மத்தபடி மேலே போய், கண்ணுக்கே தெரியாத அந்தப் புகையைப் பிடிச்சுட்டு வந்ததெல்லாம் அந்த வெள்ளை நாலும்தான்."